பாதி மாத்திரை

ஆறு வாரமாகச் சின்ன டாக்டரின் மனசு முழுக்க முழங்கால்கள்தான். வாதக் காய்ச்சல் வார்டில் பன்னிரண்டு பேர். வழக்கமான மருந்து எல்லோருக்கும் உண்டு. அதோடு, கிருமியைக் கொல்லும் புது மாத்திரை ஆறு பேருக்கு. பார்வைக்கு அதே போலிருக்கும் மாவு மாத்திரை மற்ற ஆறு பேருக்கு. யாருக்கு எது என்பது அவருக்கே தெரியாது. ரகசியம் பெரிய டாக்டரம்மாவின் அலமாரியில் இருந்தது. வித்தியாசம் தெரியாவிட்டால் திங்கட்கிழமையோடு ஆராய்ச்சியை மூடிவிடுவதாக அம்மா சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை, சின்ன டாக்டர் ஏழாம் கட்டில் தையல்காரரின் முழங்காலை டேப்பால் அளந்தார்.

"தொளதொளன்னு பிடிச்சா அளவு எப்படி சார் நிக்கும்?" என்றார் தையல்காரர்.

இறுக்கிப் பிடித்தும் பயனில்லை. பன்னிரண்டு பேருக்கும் வீக்கம் சொல்லி வைத்தாற்போல் ஒரே மாதிரி வடிந்திருந்தது. சின்ன டாக்டர் அளவு குறித்த தாளையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டில் தபால்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"சொல்லிடலாம்ண்ணே. பாவம், மனுஷன் முகமே செத்துப்போச்சு."

தையல்காரர் தலையணைக்கடியிலிருந்து சின்னக் கத்திரிக்கோலை எடுத்தார். "பாதிப் பேருக்கு மாவுன்னு கையெழுத்து வாங்கறப்போ நீங்கதானே சார் சொன்னீங்க? பக்கத்துல இருக்கறவன் மாவைத் திங்க, நான் மட்டும் எப்படி மருந்து திங்கறது? தினமும் எல்லார் மாத்திரையையும் ரெண்டா வெட்டிக் கலந்துடுவேன். நூல் பிசகாது."

"நர்சம்மா அந்தப் பக்கம் போனதும் கட்டில் கட்டிலா நான் பட்டுவாடா பண்ணிடுவேன்" என்றார் தபால்காரர்.

சின்ன டாக்டர் நேராகப் பெரிய டாக்டரம்மாவின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். கேட்ட அம்மா மூக்குக் கண்ணாடி நழுவும்வரை சிரித்தார்.

"ஆராய்ச்சி தோத்துப்போகல தம்பி. இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. புது ஆளுங்களுக்கு ஊசியாப் போடு, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. எந்தக் கத்திரி வெட்டுதுன்னு பார்ப்போம். ஆனா இதுதான் கடைசித் தடவை."

தையல்காரர் வீடு திரும்புவதற்குள் புதியவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஊசி தொடங்கிய மூன்றாம் நாள், சின்ன டாக்டர் டேப்பை இறுக்கிப் பிடித்து ஏழாம் கட்டிலின் முழங்காலை அளந்தார். நேற்றைவிட இரண்டு அங்குலம் கூடியிருந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். படுத்திருந்தது எட்டாம் கட்டில் சமையல்காரர்.

"இன்னைக்கு இந்தக் கட்டில்ல படுக்க என் முறை சார். ஊசியைக் கட்டில் நம்பர் பார்த்துத்தானே போடுறாங்க? தையல்காரண்ணன் போறப்போ சொல்லிட்டுப் போனாரு."

சின்ன டாக்டர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். பெரிய டாக்டரம்மாவின் அறைக்கு எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தார்.