ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை

மாமாவின் பழைய கார் எதிர்வீட்டு கேட்டில் போய் முட்டியபோது, உள்ளே யாரும் இல்லை. எங்கள் தெரு நல்ல சரிவு. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் இறங்கினேன் என்று மாமா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். கேட்டில் ஒரு கம்பி வளைந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டு மனிதருக்கு எங்கள் வீட்டில் கேட்டுக்காரர் என்று பெயர்.

மாமா என்றால் என் மாமனார். அத்தை போன பிறகு தனியாக இருந்தவர். கண் ஆபரேஷனுக்காக அவரையும் காரையும் சேர்த்து இங்கே கொண்டுவந்தோம். இப்போது கண் தெளிந்துவிட்டது, வண்டி ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கிழமை கெளம்பறேம்மா" என்றார் மாமா. "சரி மாமா" என்றேன்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நான் ஆபீஸ் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன். காலைச் சவாரி முடிந்து வந்தால் காலை நீட்டிப் படுக்க வேண்டும். மாமா இருந்தால் அது நடக்காது. நான் வரும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். சாப்பிட உட்கார்ந்ததும் பேப்பரில் வந்த விபத்துச் செய்திகளை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுவார். வண்டி ஓட்டிப் பிழைக்கிறவளுக்குச் சோறு இறங்குமா?

பிரேக்கைச் சரிசெய்துவிட்டால் மாமா கிளம்பலாம். நானே இறங்கினேன். லீவருக்கு அடியில் இருக்கும் ரப்பர் உறையைத் தூக்கினால் கேபிள் முனையில் ஒரு நட்டு தெரியும். அதை முறுக்கினால் கேபிள் இறுகும். அந்த நட்டு நகராமல் இருக்க, அதன்மேல் பூட்டு மாதிரி இன்னொரு நட்டு. முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, மாமாவைச் சக்கரத்தைச் சுற்றச் சொன்னேன். லீவரை இழுத்தால் சக்கரம் நின்றது, விட்டால் சுழன்றது. பூட்டு நட்டையும் இறுக்கிவிட்டுக் கையைக் கழுவினேன்.

மறுநாள் பார்த்தால் லீவர் என் தோள்வரைக்கும் வருகிறேன் என்கிறது. வண்டி நிற்கவில்லை.

"கேபிள் நீண்டுபோயிருக்கும் மாமா."

"இல்லம்மா, சக்கரத்து டிரம்முக்குள்ள பிரேக் ஷூ தேஞ்சிருக்கும்."

"நான் தினம் வண்டி ஓட்டறவ."

"நீ பிறக்கறதுக்கு முன்னாடியே நான் ஓட்டினவன்."

டிரம்மைக் கழற்றிப் பார்த்தோம். ஷூ நன்றாக இருந்தது. கேபிளும் நன்றாக இருந்தது. தோற்றது யார் என்று தெரியாததால் அரைநாள் சண்டை நீண்டது. சட்டையெல்லாம் கிரீஸ் அப்பிக்கொண்டு, மாமா விளக்கைப் பிடித்து நின்றபடி எனக்கு ஈடுகொடுத்தார். அன்று அவர் விபத்துச் செய்தி படிக்க மறந்துவிட்டார், நானும் படுக்க மறந்துவிட்டேன். மறுபடி இறுக்கினோம். அடுத்த நாள் மறுபடி தளர்ந்து கிடந்தது.

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. "எதுக்கு அவசரம்? நிதானமாப் பாருங்களேன்" என்று இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சனிக்கிழமை மறுபடி ஜாக்கியைப் போட்டேன். நான் உள்ளே லீவரை இழுத்துக்கொண்டு கத்தினேன். "இப்பப் பிடிக்குதா மாமா?"

"பிடிக்கலம்மா."

"கொஞ்சங்கூடவா பிடிக்கல?"

"நேத்து நல்லாப் பிடிச்சுது. இன்னிக்குச் சுத்தமாப் பிடிக்கல."

எதிரே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கேட்டுக்காரர் தெருவைத் தாண்டி வந்து மாமாவின் தோளில் கை வைத்தார்.

"மனசுல வெச்சுக்காதீங்க பெரியவரே. பிடிக்காத எடத்துல எதுக்கு இருக்கணும்? எங்க மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு."

மாமா முழித்தார். நான் கதவுக்கு வெளியே தலையை நீட்டினேன். "பிரேக்கைச் சொல்றோம் சார்."

"பிரேக்கா? உங்க குரல் தெருவுக்கே கேட்டுதும்மா, அதான் நான் வேற நெனச்சுட்டேன்." போகிற மனிதர் போக வேண்டியதுதானே? மாமாவிடம் குனிந்து, "பிரேக் மட்டுந்தானே பெரியவரே?" என்று ஒரு கேள்வி வேறு.

மாமா நிற்காத சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. போனால் போகட்டும் என்று இருந்தவள்தான் நான். இருந்தாலும் 'பிரேக் மட்டுந்தான்' என்று மாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், ரப்பர் உறையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இதுவரை கையால் தடவியே இறுக்கிய நட்டின்மேல் டார்ச் அடித்தேன்.

நட்டின் முனைகள் எல்லாம் மழுங்கிக் கிடந்தன. ஸ்பேனர் போட்டால் இப்படி ஆகாது. யாரோ பிளையரால் கடித்துத் திருகியிருக்கிறார்கள். மாமா உயிரே போனாலும் நட்டில் பிளையர் வைக்க மாட்டார். என்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நட்டில் பிளையர் வைக்கக்கூடிய ஆள் எங்கள் வீட்டில் ஒருத்தர்தான்.

மாமாவை உள்ளே போய் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காருக்குள் உட்கார வைத்தேன். நட்டைக் காட்டினேன். அவர் முகம் பேயறைந்தது போல ஆயிற்று.

"கல்லு வெச்சுட்டுத்தான் கழட்டினேன்" என்றார்.

"ஏன் கழட்டினீங்க?"

"பிரேக் சரியானா அப்பா போயிடுவார்."

"இருக்கட்டும்னு எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீ கத்துவ."

"நான் எப்பக் கத்தினேன்?" என்று கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது.

கட்டின மனிதர் தன் அப்பாவை வீட்டில் வைத்துக்கொள்ள, என்னிடம் கேட்பதைவிடத் திருட்டுத்தனமாகப் பிரேக்கைக் கழற்றுவது சுலபம் என்று நினைத்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. "கழட்டறதையாவது ஒழுங்காக் கழட்டத் தெரியுதா?" என்று ஸ்பேனரை எடுத்தேன். இரண்டு நட்டையும் முழுசாகக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டு மாமாவின் அறைக்குப் போனேன்.

"மாமா, நட்டு வீணாப்போச்சு. புதுசு கெடைக்கிற வரைக்கும் வண்டி நகராது."

"அப்ப பஸ்ல போயிடறேம்மா. உனக்கும் எவ்வளவுதான் சிரமம்."

எனக்கு ஒரு பொய்யே தட்டுத்தடுமாறித்தான் வரும். இரண்டாவது வரவே வராது.

"பஸ் ஏறுனீங்கன்னா காலை ஒடிச்சுடுவேன்" என்றேன்.

வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மாமா என்னையே பார்த்தார்.

"நீங்க போயிட்டா நான் யார்கூடச் சண்டை போடறது? இவர்கூடவா? பிளையரைக் கொண்டுபோய் நட்டுல வெக்கிற மனுஷன். இங்கேயே இருங்க மாமா. எனக்கு நீங்க வேணும்."

மாமா "சரிம்மா" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து தன் பையை இழுத்துத் திறந்தார். உள்ளே சட்டைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன.

"அப்ப, இதையெல்லாம் எங்க வெக்கட்டும்?"

வந்த நாளிலிருந்து அவர் பையிலிருந்து எடுத்து உடுத்தி, துவைத்து, பைக்குள்ளேயே திரும்ப வைத்திருக்கிறார். அந்த அறையில் ஆளுயர அலமாரி இருக்கிறது. முழுக்க எங்கள் பழைய திரைச்சீலையும், ஓடாத மிக்ஸியும், வேனின் கிழிந்த சீட்டு உறைகளும். ஒரு தட்டைக்கூட நான் அவருக்கு ஒழித்துக் கொடுக்கவில்லை.

"மேல்தட்டு எட்டாது மாமா, நடுத்தட்டை எடுத்துக்குங்க" என்று சொல்லி, அதிலிருந்த எல்லாவற்றையும் தரையில் இழுத்துப் போட்டேன்.