நுனியா, தலையா?

சாவிக்கடைக்காரருக்கு அந்தக் கம்ப்யூட்டர் மெஷின் மேல் வந்தது ஆசை இல்லை, மையல். விலைப்பட்டியலில் அதன் படம் இருந்த பக்கம் மட்டும் தடவித் தடவி நைந்து போயிருந்தது. பூட்டின் நம்பரைத் தட்டினால் போதுமாம், மெஷினே சாவியை வெட்டிக் கையில் கொடுத்துவிடுமாம். விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும். கடையை விற்றால் வாங்கலாம். வாங்கிய பிறகு அதை வைக்கக் கடை இருக்காது.

“லோன் போட்டுக்கலாம்மா” என்றார் மனைவியிடம், குழைந்து.

“லோனைக் கட்ட எதை வெட்டுறது, என் கழுத்தையா?”

மனைவி பல வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள். கடையில் இருந்த பழைய மெஷின் பக்கம் போனால் “கை போயிடும், கை போயிடும்” என்று அலறுவார் மனிதர். போய்விடுமோ என்று அவர் பயந்தது கை இல்லை, தன் நாற்காலி. அது அவளுக்கும் தெரியும். அந்த நாற்காலியில் ஒரு நாளாவது உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் கேட்டு வாங்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

அவர் வெட்டும் சாவிகளில் பாதி திரும்பி வந்தது. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்ந்த சாவிதானே பிறக்கும்? திரும்பி வந்தவர்களிடம் திட்டு வாங்குவது கல்லாவில் இருப்பவள். அதனால்தான் விலைப்பட்டியலை அவளும் எடுத்துப் பார்த்தாள். கைப்பிடியை அமுக்கினால் கடித்து வெட்டும் கருவி ஒன்று இருந்தது. அதுவும் எட்டாத விலை. கடைசிப் பக்கத்து மூலையில், தீப்பெட்டி அளவுப் படத்தோடு, ஒரு டப்பா நிறைய மாதிரிச் சாவிகள். அது அவள் கைக்கு எட்டும் விலை, வரவழைத்தாள்.

விஷயம் இவ்வளவுதான். பூட்டில் ஐந்து எண் இருக்கும். ஒவ்வொரு எண்ணும் சாவியில் ஒரு வெட்டின் ஆழம். டப்பாவில் ஆழத்துக்கு ஒரு மாதிரிச் சாவி. மூன்று வேண்டுமா, மூன்றாம் மாதிரியைப் பழைய மெஷினில் பூட்டி ஒரு வெட்டு. அடுத்தது ஒன்றா, மாதிரியை மாற்றி இன்னொரு வெட்டு. ஐந்து தடவை மாற்றினால் புத்தம் புதுச் சாவி, தேய்மானமே இல்லாமல்.

“இந்த சொப்புச் சாமானை வெச்சா தொழில் பண்ணப் போறே?” என்றார் அவர்.

டப்பா வந்த அன்றே, அவர் சாப்பிடப் போன நேரத்தில், கடை அலமாரிப் பூட்டுக்கு ஒரு சாவி வெட்டினாள். வெண்ணெயில் கத்தி போல இறங்கித் திரும்பியது. திரும்பி வந்தவர் பார்த்தார். “குருட்டு அதிர்ஷ்டம்” என்றார்.

“சரி, பந்தயம். நாளைக்கு நூலகத்துலேருந்து ஒரு லாக்கர் பூட்டு வருதுல்ல, அதுக்கு நான் வெட்டுறேன். திறக்கலேன்னா உங்க கம்ப்யூட்டரையே வாங்குங்க, நான் வாயே திறக்க மாட்டேன்.”

“நீயாவது, வாய் திறக்காம இருக்கறதாவது!” என்றாலும் பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டார்.

நூலகர் அம்மா மறுநாள் ஒரு லாக்கர் பூட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். “படிக்க வர்றவங்க புத்தகத்தைப் பத்திரமா வெச்சுட்டு சாவியைத் தூக்கிட்டுப் போயிடுறாங்க. பாதி லாக்கருக்குச் சாவியே இல்ல. இது திறந்தா மத்த எல்லாத்தையும் இங்கேயே குடுக்குறேன். இல்லேன்னா மெயின் ரோட்டுல கம்ப்யூட்டர்லயே சாவி வெட்டுற கடை இருக்கு.”

கம்ப்யூட்டர் என்றதும் கடைக்காரர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க வேண்டும்!

மனைவி மெஷினில் உட்கார்ந்தாள். பூட்டில் 1 3 5 2 4. ஒவ்வொன்றாக மாதிரியை மாற்றி வெட்டினாள், பிசிறு நீக்கினாள், ஊதினாள், நுழைத்தாள். திரும்பவில்லை. இன்னொரு தடவை. ம்ஹூம்.

அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. இனி ஆயுசுக்கும் கல்லாதான் என்று நினைத்துக்கொண்டாள். கேலி செய்யப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“பூட்டுல துரு இருக்கும் மேடம். கொஞ்சம் எண்ணெய் விட்டா சரியாயிடும்” என்றார் அவர், துளித் துருவும் இல்லாத பூட்டைப் பார்த்து.

கேலி செய்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பாள். இந்தப் பரிவுதான் தாங்கவில்லை. அலமாரிப் பூட்டு மட்டும் எப்படித் திறந்தது? எழுந்து போய் அதன் எண்ணைப் பார்த்தாள். 2 4 1 4 2. வாய்விட்டுப் படித்தாள். திருப்பிப் படித்தாள்.

“விகடகவி!” என்று கத்தினாள்.

நூலகர் அம்மா கடைக்காரரைப் பார்த்தார். “என்னையா சொல்றே?” என்றார் அவர், பாவமாக.

“நீங்களும்தான். ஆனா இப்போ பூட்டைச் சொன்னேன். முன்னால படிச்சாலும் பின்னால படிச்சாலும் ஒரே நம்பர். அதான் அன்னிக்குத் திறந்துச்சு! இந்தக் கம்பெனிக்காரன் சாவியோட நுனியிலேருந்து எண்ணுறான். நான் தலையிலேருந்து வெட்டிட்டேன்.”

புதுச் சாவி எடுத்தாள். இந்தத் தடவை நுனியிலிருந்து. நுழைத்தாள். சட்டென்று திரும்பியது. நூலகர் அம்மா கையையே தட்டிவிட்டார்.

“நாளைக்கே மத்ததையும் அனுப்புறேன் சார். உங்ககிட்டயே குடுக்கச் சொல்லட்டுமா?”

கடைக்காரர் விலைப்பட்டியலை மடித்து ஒதுக்கி வைத்தார். கல்லாவுக்குப் போய் மனைவியின் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆட்டம் காண்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

“மெஷின் வேலைன்னா அவங்ககிட்டதான் மேடம் குடுக்கணும். நான் கல்லா.”

அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. நூலகர் முன்னால் அழுதால் நன்றாகவா இருக்கும்?

“கல்லான்னா கல்லாவோட இருங்க, அங்கேருந்து வெளிச்சத்தை மறைக்காதீங்க” என்றாள். சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.