மாற்றுக் காலுறை

இருபத்திரண்டு வருடச் சிநேகிதத்தின் விலை எண்பத்தைந்து டொலர். வரியோடு தொண்ணூற்றாறு டொலர் ஐந்து சதம். ரூஜ் ஆற்றங்கரைக் காட்டோட்டப் போட்டியில் சேர அவ்வளவுதான் கட்டணம். "இரண்டு பேரும் சேர்ந்தே ஓடுவம் மச்சான்" என்று சீமோனை இழுத்துக்கொண்டு போனவன் றொனால்ட், சீமோனுடைய மகளின் ஞானத்தகப்பன்.

அன்று குளிர் மைனஸ் பதினெட்டுப் பாகை. ஏழாவது கிலோமீற்றரில் ஓடைப் பனிக்கட்டி உடைந்து, சீமோனின் வலது கால் முழங்கால்வரை தண்ணீருக்குள் போனது. ஏறி வருவதற்குள் சப்பாத்து கல்லாய் இறுகத் தொடங்கிவிட்டது.

"உன்ர பையில மாத்துச் சொக்ஸ் கிடக்கெல்லே, தாவன்."

றொனால்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "உது எனக்குத் தேவைப்படும் மச்சான். இன்னும் எட்டுக் கிலோமீற்றர் கிடக்கு. நிக்காமல் ஓடு, தானாச் சூடாகும்."

மில்லிக்கனில் புடவைக்கடை வைத்து, பத்து டொலர் துணிக்கு அரைமணி நேரம் வாதாடும் சீமோனுக்கு இரண்டாந்தரம் கேட்க வாய் வரவில்லை. கடையில் கேட்டால் வியாபாரம், இங்கே கேட்டால் பிச்சை.

"சரி, நீ போ" என்றான்.

றொனால்ட் உண்மையாகவே போய்விட்டான்.

சீமோன் ஒருவாறு வந்து சேர்ந்தபோது அவன் முடிவுக் கோட்டில் பதக்கத்தோடு நின்று கையாட்டினான். "வந்திட்டியே! நான் சொன்னன்தானே? வா, சேர்ந்து ஒரு படம் எடுப்பம்."

சீமோன் அவனைக் கடந்து, நொண்டிக்கொண்டே முதலுதவிக் கூடாரத்துக்குள் போனான். தாதி சப்பாத்தை வெட்டிக் கழற்றி, விரல் விரலாக ஊசிமுனையால் தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று கேட்டாள். தொட்டது ஐந்து. தெரிந்தது மூன்று. மற்ற இரண்டும் நிலுவையில் நின்றன.