ஓட்டுநர் ஒருவர் மட்டும்

நவம்பர் வந்தால் எங்கள் மலைப் பக்கத்து ஆண்களுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, காருக்குப் பனிக்கால டயர் மாட்டுவது. அது அக்டோபரிலேயே முடிந்திருக்க வேண்டும். முடிக்காதவன் டயர் கடை வாசலில் வரிசையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான். இன்னொன்று, முப்பதாம் தேதிக்குள் கார் காப்பீட்டை மாற்றுவது. தேதி தாண்டிவிட்டால் இன்னொரு வருடம் பழைய கம்பெனியோடேயே கிடக்க வேண்டியதுதான். அதனால் நவம்பர் கடைசி வாரம் நான் என் வீட்டில் சாப்பிட்டதே கிடையாது. ஊரில் யாராவது ஒருவருடைய சமையலறையில் உட்கார்ந்து கேக்கைத் தின்றுகொண்டு படிவம் நிரப்பிக்கொண்டிருப்பேன்.

என் பெயர் ஹார்ட்முட் உலிக். இந்த எர்ட்ஸ்கெபிர்கே மலையில் முப்பது வருடமாகக் காப்பீட்டு முகவர். எவன் காரைக் கொட்டகையில் விடுகிறான், எவன் விடுவதாகப் பொய் சொல்லிச் சலுகை வாங்குகிறான், எவன் மகன் எத்தனை தடவை வேலியில் இடித்தான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பெரிய அறிவாளி என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. இப்போது இல்லை.

லோத்தர் வைகெல்ட் என் பழைய வாடிக்கையாளர். மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணத்துக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனாலும் வருடா வருடம் கம்பெனிக்காரனிடமிருந்து ஏதாவது கொஞ்சம் பிடுங்கவில்லை என்றால் அவருக்கு கிறிஸ்துமஸே வராது. நான்கு வருடம் முன்பு நவம்பர் இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் அவர் வீட்டில் இருந்தேன்.

"இந்தத் தடவை எதை வெட்டலாம், சொல்லு," என்றார்.

"வெட்டுறதுக்கு என்ன இருக்கு? எல்லாத்தையும் போன வருஷமே வெட்டியாச்சு. மான் வந்து மோதுறதுக்கு எழுதியிருக்கோம், கண்ணாடி உடையறதுக்கு எழுதியிருக்கோம். அதுல கை வெச்சா அப்புறம் நீங்கதான் அழுவீங்க."

"அது வேணாம். வேற?"

நான் படிவத்தைப் புரட்டினேன். "ஓட்டுறவங்க யாருன்னு ஒரு இடம் இருக்கு. இப்போ நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க. ஒருத்தர் மட்டும்னு போட்டா முப்பத்தெட்டு யூரோ குறையும்."

"போடு. இவ எங்க ஓட்டுறா? வியாழக்கிழமை பாட்டுக் குழுவுக்குப் போறா, வர்றா. இனிமே நான் கொண்டு விட்டுடறேன். என்ன தபால்காரி, சரிதானே?"

தபால்காரி என்றது அவர் மனைவி கெர்லிண்டேயை. கேலிப் பெயர்தான், ஆனால் உண்மையும் அதுதான். அந்தம்மா இருபத்திரண்டு பனிக்காலம் இந்த மலையில் மஞ்சள் வண்டியில் தபால் கொண்டுபோனவர். நான் சின்னப் பையனாக இருந்தபோது, பள்ளிக்கூடத்தையே மூடிவிட்ட பனியில்கூட எங்கள் வீட்டுக்குத் தபால் வந்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பனியில் வண்டி ஓட்ட கெர்லிண்டேயை விட்டால் ஆள் இல்லை என்று. லோத்தர் மட்டும் சொல்ல மாட்டார்.

கெர்லிண்டே கேக்கை வெட்டிக்கொண்டே, "உங்க இஷ்டம்," என்றார்.

நான் அவர் பெயரை அடித்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். எனக்குத்தான் நாக்கு நீளமாயிற்றே. "கெர்லிண்டே, நல்லா கேட்டுக்குங்க. ஜனவரி ஒண்ணாம் தேதியிலேருந்து நீங்க சாவியத் தொடக்கூடக் கூடாது. தொட்டீங்க, வீடு ஏலத்துக்கு வந்துரும்!" என்றேன்.

லோத்தர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். கெர்லிண்டே சிரிக்கவில்லை. எனக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் காரைத் தொடவே இல்லை. வியாழக்கிழமைகளில் லோத்தர் கொண்டுவந்து விடுவார், வெளியிலேயே புகை பிடித்துக்கொண்டு காத்திருப்பார். நான் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தபோது, பரவாயில்லை, வயசான காலத்தில் பெண்டாட்டியோடு இப்படி ஒட்டிக்கொண்டு திரிகிறாரே என்றுதான் நினைத்தேன்.

போன வருடம் ஜனவரி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு லோத்தருக்கு நெஞ்சு வலித்தது. கெர்லிண்டே உடனே ஆம்புலன்சுக்குச் சொன்னார். எங்கள் பக்கத்து ஆம்புலன்ஸ் பெரிய சாலையில் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. கோடை டயரோடு மேடு ஏறப் பார்த்த லாரி ஒன்று குறுக்கே திரும்பி மூன்று கார்களை நசுக்கியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறு வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். அது வந்து சேர ஐம்பது நிமிடம் ஆயிற்று. மருத்துவமனைக்குப் போகிற வழியிலேயே லோத்தர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து, பிப்ரவரியில், கெர்லிண்டே என் அலுவலகத்துக்கு வந்தார். பேருந்தில் வந்திருந்தார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காப்பி வேண்டாம் என்றுவிட்டார்.

"ஒண்ணு கேக்கணும், ஹார்ட்முட். மறைக்காம சொல்லு."

"கேளுங்க."

"அன்னைக்குக் கொட்டகையில கார் இருந்துச்சு. நல்ல டயர். பெட்ரோல் நிறைய இருந்துச்சு. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டு நான் ஜன்னல்கிட்டயே நின்னேன். நின்னப்போ எங்க வீட்டு முன்னாடி பனி தள்ளுற வண்டி போச்சு. ஏரிக்கரை வழியா ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிக்கிட்டே போற வண்டி அது. நான் ஏத்திக்கிட்டுப் போயிருந்து, வழியில யார் மேலயாவது மோதியிருந்தா, கம்பெனி குடுத்திருக்குமா?"

குடுத்திருக்கும். காப்பீட்டுத் தொழிலில் முதல் மாதம் வேலைக்கு வந்தவனுக்குக்கூட இது தெரியும். பாலிசியில் பெயர் இல்லாதவர் ஓட்டினாலும் மோதப்பட்டவருக்குக் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும். பிறகு நம்மிடம் ஏதோ அபராதம் வசூலிப்பார்கள், அவ்வளவுதான். அதுவும் உயிருக்கு ஆபத்து என்று ஓட்டினால் அந்த அபராதமும் கிடையாது. சின்ன எழுத்தில் எழுதியே இருக்கிறது. நான் அந்த வீட்டில் அதைச் சொல்லவில்லை. ஏலம் என்று சொன்னேன்.

அந்தம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அவருக்கு என்ன ஆகும் என்று நினைத்ததாகத்தான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு என்ன ஆகும் என்றும் நினைத்தேன்.

"குடுத்திருக்காது," என்றேன். "நீங்க செஞ்சதுதான் சரி."

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். "அப்போ சரி," என்றார். கைப்பையிலிருந்து காரின் காகிதங்களை எடுத்து மேசை மேல் வைத்தார். "இப்போ என் பேர்ல எழுது."

எழுதினேன். லோத்தர் நாற்பது வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிச் சேர்த்த சலுகை அப்படியே மனைவிக்கு வந்தது. ஓட்டுநர் என்ற இடத்தில், 'ஒருவர் மட்டும்' என்று போட்டேன்.

"அடுத்த தடவை நல்லா பனி விழுறப்போ ஒரு நாள் வா," என்றார் கெர்லிண்டே. "பக்கத்துல உக்காரு. ரெண்டு வருஷமா தொடலை. தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு."

பத்து நாளில் பனி விழுந்தது. காலை எட்டரைக்குப் போனபோது அந்தம்மா காரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார். அதற்குள் கூரை மேல் பனி சேர்ந்திருந்தது. கூரை, விளக்கு, நம்பர் பலகை எல்லாவற்றையும் துடைத்தார். நான் கண்ணாடியில் பார்க்கிற அளவுக்கு ஒரு ஓட்டை சுரண்டிவிட்டு உள்ளே ஏறினேன்.

"எறங்கு. முழுசா சுரண்டு. ஊருக்கெல்லாம் காப்பீடு விக்கிற, ஓட்டை வழியாவா ரோட்டைப் பாப்ப?"

சுரண்டினேன். அவர் கோட்டைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டார். கம்பளிக் கோட்டின் மேல் பெல்ட் போட்டால் அது உடம்பில் படியாதாம், குளிர்ந்தால் குளிரட்டுமாம். பின்பெட்டியில் மண்வெட்டி, போர்வை, ஒரு பை மணல். எல்லாம் லோத்தர் வைத்தது வைத்தபடி இருந்தது.

லோத்தரின் கைக்கடிகாரத்தை எடுத்து ஸ்டீயரிங்குக்கு எதிரே டாஷ்போர்டில் வைத்தார். மணி பார்த்தார். இரண்டாவது கியரில், ஒரு குலுக்கல் இல்லாமல் வண்டி நகர்ந்தது.

"எங்க போறோம்?" என்றேன்.

"ஏரிக்கரை வழியா."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது.

அந்தம்மா ஓட்டிய விதத்தை எப்படிச் சொல்வேன். வளைவுக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைப்பார். வளைவுக்குள் பிரேக்கில் கால் வைக்கவே மாட்டார். இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜினாலேயே வண்டியைப் பிடித்தார். பாலத்துக்கு முன்னால், "இங்கதான் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி இருக்கும்," என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஸ்டீயரிங்கை அசைக்காமல் தாண்டினார். பின்னால் இன்னொரு காரில் ஒரு பையன் ஒட்டிக்கொண்டு வந்து விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தான்.

"இவனுக்கு யார் பாலிசி போட்டது?" என்றார்.

"நான்தான்."

"அதானே பார்த்தேன்." ஓரம் கட்டி அவனுக்கு வழி விட்டார்.

அன்றைக்கு நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். ஏரி முழுக்க உறைந்து கிடந்தது. நான் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் வண்டி நின்றபோது இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

கெர்லிண்டே கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். "இருபத்தி ரெண்டு," என்றார். "அரை மணி முந்திக் கொண்டாந்திருந்தாப் பொழைச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னார்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "கெர்லிண்டே, நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். கம்பெனி குடுத்திருக்கும். நீங்க ஓட்டியிருக்கலாம். அந்த ஏலம் கீலம்னு சொன்னதெல்லாம் விளையாட்டுக்குச் சொன்னது."

"தெரியும்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"பாலிசியில பதினோராம் பக்கம், கீழ கடைசிப் பத்தி. உன்கிட்ட வர்றதுக்கு முந்தின நாளே படிச்சுட்டேன்."

"அப்புறம் ஏன் வந்து கேட்டீங்க?"

"நீ பொய் சொல்லுவேன்னு நெனச்சேன். நான் செஞ்சது சரின்னு யாராவது ஒருத்தர் சொல்லிக் கேக்கணும்போல இருந்துச்சு. நீ சொன்ன. ஒரு வாரம் தூங்கினேன்." அவர் கடிகாரத்தின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் போட்டுக்கொண்டார். "அப்புறம் அதுவும் போயிடுச்சு."

"என்னைத் திட்டிடுங்க."

"உன்னைத் திட்டி என்ன? ஆம்புலன்சுக்காகக் காத்திருந்தப்போ அவர் நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தார், ஹார்ட்முட். சமையலறை நாற்காலியிலதான் உக்காந்திருந்தார். 'தபால்காரி, சாவி ஆணியில தொங்குது, நீ ஓட்டு'ன்னார். ரெண்டு தடவை சொன்னார். நான்தான், 'முடியாது லோத்தர், காகிதத்துல உன் பேரு மட்டும்தான் இருக்கு'ன்னேன். அவர் லேசா சிரிச்சார். 'ஆமால்ல, நான்தானே அடிக்கச் சொன்னேன்'னார். அதுக்கப்புறம் சாவியைப் பத்திக் கேக்கவே இல்லை."

அழுகை எனக்குத்தான் வந்தது. அவர் அழவில்லை. கண்ணாடித் துடைப்பான் ஓடிக்கொண்டே இருந்தது, அதை நிறுத்தினார். முன்கண்ணாடியில் பனி சேர ஆரம்பித்தது.

எதிரே சுவரில் ஒரு பலகை இருந்தது. ஆம்புலன்ஸ் தவிர வேறு வண்டிகள் இங்கே நிற்கக் கூடாது என்று எழுதியிருந்தது. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இங்க நிக்கக் கூடாதாம்," என்றேன்.

கெர்லிண்டே அந்தப் பலகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார்.

"நிக்கலாம்," என்றார். கை நீட்டி என்ஜினை அணைத்தார்.