பிசையாத மாவு

எங்கள் பேக்கரியில் விற்கிற எதையும் முதலாளி தின்னக் கூடாது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகிறது. வெண்ணெய், டால்டா பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருபது வருஷமாகக் கடை நடத்துகிற சீனுவாசன் சார், பப்ஸ் தட்டு வெளியே வரும்போதெல்லாம் வாசனை பிடித்துக்கொண்டே கேப்பைக் கூழ் குடிப்பார். எனக்குப் பரிதாபமெல்லாம் வராது. ஆறு மாதமாக உள்ளே அடுப்பு வேலை கேட்கிறேன், கவுண்டரை விட்டு நகரவே விடவில்லை.

"பொம்பள புள்ள, அவ்ளோ பெரிய அடுப்பு முன்னால நிக்க முடியுமாம்மா?"

"வீட்ல அடுப்பு முன்னால யாரு சார் நிக்கறாங்க? உங்க தாத்தாவா?"

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. விழுப்புரம் காலேஜில் கெமிஸ்ட்ரி. பப்ஸைப் பேப்பரில் சுற்றிக் கொடுக்க மூன்று வருஷம் கெமிஸ்ட்ரி எதற்கு?

வெள்ளைக்காரர்கள் பேக்கரி வைத்திருக்கும் குயிலாப்பாளையத்தில் எப்போதோ தின்ற ஆப்பிள் பை முதலாளியின் நாக்கிலேயே நின்றுவிட்டது. மொறுமொறுவென்று மாவு ஓடு, உள்ளே பட்டை மணக்கும் ஆப்பிள். ஒருநாள் அதைச் சொல்லிப் புலம்பினார். "வெண்ணெய கொறச்சு நான் பண்ணித் தர்றேன் சார்" என்றேன்.

"சனிக்கிழம அஞ்சு மணிக்கு நான் சாப்ட்டுப் பாக்கறேன். நல்லாருந்தா சின்ன அடுப்பு உனக்கு. இல்லன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, ரோஸ்லினு."

உள்ளே அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் மாரியப்பன் மாஸ்டர் சிரித்தார். "வெண்ணெ இல்லாத ஓடா? பல்லு போய்டும் மொதலாளி."

வெண்ணெய் இருந்தால்தான் ஓடு உதிரும். பாதிக்கு மேல் குறைத்தால் அந்த இடத்தில் வேறு எதையாவது போட்டாக வேண்டும். தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் போதும் என்று வீட்டில் நாலு தடவை செய்து பார்த்திருந்தேன்.

சனிக்கிழமை காலை விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறியதும், தயிர் கட்டிய துணி மூட்டையை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, கீழே தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டேன். தினமும் அதே பெட்டியில் வரும் பூக்காரி கெங்கம்மாள் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடி இது, மாட்டு மடியாட்டம் தொங்குது?"

"தயிரு, அக்கா. இன்னிக்கு எனக்கு வேலைக்குப் பரீட்ச."

"நீ பரீட்ச எழுத எம் பொடவதான் பேப்பரா? தள்ளிப் புடிடி, ஊத்துது!"

பேரணி ஸ்டேஷன் தாண்டுவதற்குள் பெட்டியில் இருந்த பாதிப் பேர் என் தயிருக்கு யோசனை சொல்லிவிட்டார்கள்.

கடையில் வேலையை ஆரம்பித்தேன். சில்லென்ற வெண்ணெயை மாவுக்குள் கை படாமல் வெட்டுவதற்கென்றே வளைந்த கம்பிகள் வைத்த ஒரு கருவி விற்கிறது. கேட்டதற்கு முதலாளி, "முள்கரண்டி இருக்குல்ல?" என்றார். இரண்டு முள்கரண்டியால் வெட்டினேன். வெண்ணெய் பொடிப்பொடியாக மாவுக்குள் நின்றது. தயிரைப் போட்டு, ஒட்டியும் ஒட்டாமலும் ஒன்றுசேர்த்து ஃபிரிட்ஜில் வைத்தேன். இந்த மாவைப் பிசையவே கூடாது. பிசைந்தால் இழுவை பிடித்து, வெந்ததும் கல்லாகிவிடும். வெண்ணெய் குறைந்த மாவு இன்னும் ஜல்தியாகக் கல்லாகும்.

பிறகு கவுண்டரில் கூட்டம். மயிலத்துக் குடும்பம் ஒன்று பிறந்தநாள் கேக்கில் அம்மா வைத்த பெயரை எழுதுவதா, மாமியார் வைத்த பெயரை எழுதுவதா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டது. இரண்டு பெயரையும் எழுதி அனுப்பிவிட்டு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தால், என் மாவு வழவழவென்று குழந்தை கன்னம் மாதிரி உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. மேலே ஈரத்துணி வேறு.

"மாஸ்டர், மாவ யாரு தொட்டது?"

"நான்தாம்மா. திரிதிரியா வுட்டுட்டுப் போய்ட்ட. மொதலாளி பாத்தா பிசையக்கூட தெரிலன்னு சொல்லுவாரேன்னு, நல்லா அடிச்சுப் பிசைஞ்சு வச்சேன். தொட்டுப் பாரு, எப்டிக்கீது!"

பரோட்டாக் கடையில் பத்து வருஷம் மாவு அடித்த கை. உதிரியாகக் கிடக்கும் மாவைப் பார்த்தால் அது சும்மா இருக்காது. கெடுக்க நினைத்துச் செய்திருந்தால் ஒரு பங்கு திட்டியிருப்பேன். நல்லது என்று நினைத்துச் செய்திருந்தார். இரண்டு பங்கு திட்டினேன்.

"பிசையாம வுட்டதுதான் மாஸ்டர் வேலயே! உங்கள யாரு கேட்டா?"

"கத்தாத. இதயே சுடு, நல்லாதான் வரும்."

"நீங்களே சுடுங்க. உங்க பேர்ல."

"சுடறேன் பாரு!"

மணி இரண்டரை. நல்லவேளை, தயிர் பாதி மிச்சம் இருந்தது. முதலிலிருந்து வெட்டினேன். மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார், விரல் மட்டும் துறுதுறுத்தது. மாவை ஐஸ்கிரீம் பெட்டிக்குள் இருபது நிமிஷம் வைத்தேன். அடுப்பு வெக்கையில் உருட்டுக்கட்டை சூடாகிக் கிடந்ததால், கண்ணாடி பாட்டிலில் ஐஸ் தண்ணீர் நிரப்பி அதை வைத்துத் தேய்த்தேன். கேக் தட்டில் விரித்து, ஆப்பிளை நிரப்பி, மேல் மூடியில் ஆவி போக முள்கரண்டியால் குத்தி அடுப்பில் தள்ளினேன். பக்கத்திலேயே மாஸ்டருடையதும் வெந்தது.

ஐந்து மணிக்கு முதலாளி இரண்டையும் பார்த்தார். மாஸ்டருடையது பளபளவென்று அழகாக இருந்தது. அதில்தான் முதலில் கத்தியை வைத்தார். கத்தி இறங்கவில்லை. எழுந்து நின்று அழுத்தினார். தட்டு சுழன்றது, ஓடு அசையவில்லை.

"இன்னா மாஸ்டர், கூரைக்குப் போடற ஓடா?"

மாஸ்டர் ஒரு ஓரத்தை உடைத்துக் கடைவாயில் வைத்தார். கொஞ்ச நேரம் மென்றார். மென்றுகொண்டே இருந்தார். "இது என்துதான் மொதலாளி" என்றார். "அந்தப் பொண்ணோடத வெட்டுங்க."

என்னுடையதில் கத்தி வைத்ததும் ஓடு கரகரவென்று நொறுங்கியது. முதலாளி ஒரு வாய் போட்டுக் கண்ணை மூடினார். இரண்டாவது துண்டை எடுத்தார். மூன்றாவதுக்குக் கை நீட்டியபோது தட்டை இழுத்துக்கொண்டேன்.

"வெண்ணெ கம்மிதான் சார், இல்லாம இல்ல. மொதல்ல பதில சொல்லுங்க."

"சின்ன அடுப்பு உன்து, போதுமா?" விரலை நக்கினார். "ஆனா கவுண்டரயும் பாத்துக்கினு..."

"ரெண்டுத்தயும் பாக்க முடியாது. அப்டி பாத்துதான் மொத மாவு போச்சு."

மாஸ்டர் தலையைக் குனிந்து சிரித்தார். வாசலில் யாரோ, "கடைல ஆளே இல்லியா?" என்று கத்தினார். முதலாளி மாஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அடுத்த தட்டுக்கு மாவு சலிக்க ஆரம்பித்திருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் முன்னாலிருந்து குரல் வந்தது.

"ரோஸ்லினு! பப்ஸ் சுத்துற பேப்பர எங்கம்மா வச்சிருக்க?"

"தேடுங்க சார்" என்றேன்.