தண்டால பத்து

பெண்டாட்டியை அடிக்கிறவன் என்ற பெயரோடு ஒரு மாதத்துக்கு மேல் நான் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் நடமாடியிருக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் மேல் ஒரு நாளும் கையை ஓங்கியதில்லை. எனக்கு வாய்தான் நீளம். பெக்டரியில் ரோலர் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகிவிட்டதால், வீட்டில் உப்பைக் கேட்டால்கூடச் சண்டை பிடிக்கிற மாதிரித்தான் இருக்கும். அந்த வாய்தான் என்னை மாட்டிவிட்டது.

சித்திரைக்கு முந்தி ஒரு நாள் என் மனைவி சுலக்ஷனா, சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஏங்க, நான் குவைத்துக்குப் போகலாம்னு இருக்கேன்" என்றாள். கொழுந்து பறிக்கிற வருமானத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை, ஹட்டன் ஏஜென்ட் ஒருவன் ஆள் கேட்கிறான், பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று. என் அம்மா சவூதிக்குப் போனபோது எனக்கு நாலு வயது. திரும்பி வந்து வாசலில் நின்று கையை நீட்டியவரை நான் "வாங்க அத்த" என்று கூப்பிட்டேன். அந்த நேரத்தில் அம்மாவின் முகம் போன போக்கு இருக்கிறதே, அதைச் சாகும்வரை மறக்க முடியாது. இப்போது எங்கள் மகள் தனுஷிகாவுக்கும் அதே நாலு வயது.

போகாதே என்று சொல்ல எனக்கு வக்கில்லை. ஆனால் கடவுள் கண் திறந்தான். கொட்டகலைப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு பெரிய ஹோட்டலில் பெண் செக்யூரிட்டி எடுக்கிறார்கள் என்று பஸ்ஸில் யாரோ பேசியதைக் கேட்டு, சுலோ நேரே போய் விசாரித்துவிட்டு வந்தாள். ஆள் எடுக்கிற மேடம் ஆர்மியில் இருந்து வந்த சிங்களப் பெண். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், சித்திரை வருசப் பிறப்பு கழிந்ததும் வந்து பத்துத் தண்டால் எடுத்துக் காட்டு என்றாராம். முழங்கால் தரையில் படக் கூடாது. கீழே ஒருவர் கையை மடக்கி வைத்திருப்பார், அதை நெஞ்சு தொட்டு எழும்ப வேண்டும். பத்து வந்தால் வேலை. வராவிட்டால் குவைத்.

அன்றைக்கே கதவைச் சாத்திக்கொண்டு குப்புறப் படுத்துக் கையை ஊன்றினாள். ஒன்றுகூட வரவில்லை. பொத்தென்று மூக்கடிபட விழுந்தாள். மலை ஏறுகிற கால் இரும்பு, கூடை சுமக்கிற கழுத்து இரும்பு. ஆனால் கொழுந்து கிள்ளுகிற கைக்கு விரலில்தானே வேலை? பாரத்தைத் தள்ளி எழுப்புகிற வேலை அதற்குத் தெரியாது.

மூக்கைத் தடவிக்கொண்டே எழுந்தவள், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் தலைமேல் என் கையைப் பிடித்து வைத்தாள்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாது. பாப்பா மேல சத்தியம். தோத்துட்டேன்னு வைங்க, மலையில ஒருத்தி விடமாட்டா. காலம் பூரா தண்டால் சுலோன்னுதான் கூப்புடுவாளுக."

சத்தியம் செய்து கொடுத்தேன். என் கெட்ட காலம்.

போனில் பார்த்துப் படித்ததில், முதலில் சுவரில் கையை ஊன்றித் தள்ளிப் பழக வேண்டும் என்று இருந்தது. சுவர் பழகினால் கட்டில் சட்டம், அப்புறம் பலகை, அதற்குப் பிறகுதான் தரை. சரி, சுவர். லயத்துச் சுவர் எப்படிப்பட்டது என்று லயத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆயுசு நூறு என்பார்கள். அந்தப் பக்கம் இருப்பது ராசம்மாக்கா, சுலோவோடு ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறவள். அவளுடைய தட்டு அடுக்கும் சரியாக அந்தச் சுவரில்தான் சாய்ந்து நிற்கிறது.

தினமும் விடியற்காலை, சுலோ வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன், எங்கள் அறையில் நடந்த பேச்சு இதுதான்.

"எந்திரி. இன்னும் ரெண்டு இருக்கு."

"ஐயோ, போதுங்க. கை போச்சு."

"போதும்னா விட்டுருவேனா? தண்டால பத்து வர்ற வரைக்கும் ஒன்ன விடமாட்டேன்."

தொம். தொம்.

இதைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

கட்டிலுக்கு மாறிய வாரம் கை வழுக்கி, சட்டத்தில் மோவாய் இடித்து வீங்கிவிட்டது. மலையில் கேட்டவர்களிடம் சுலோ, "வழுக்கி விழுந்துட்டேன்" என்றாளாம். அடி வாங்குகிற பெண்கள் எல்லோரும் சொல்லுகிற அதே பதில். அதோடு என் கதை முடிந்தது. பீலியில் நான் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ராசம்மாக்கா என் முகத்தைப் பார்க்காமல் அவளுடைய வாளியைப் பார்த்து, "பொம்பளகிட்ட வீரத்தக் காட்டுறவனெல்லாம் ஒரு ஆம்பள" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பிள்ளை மேல் சத்தியம். பல்லைக் கடித்துக்கொண்டு வாளியைத் தூக்கி வந்தேன்.

ஒரு நாள் தரையில் முதல் தண்டால் வந்தது. முழங்கால் படாமல், நெஞ்சு என் கையைத் தொட்டு, நடுங்கி நடுங்கி எழும்பினாள். அப்படியே என் தோளில் விழுந்து ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்தான். அதையும் அந்தப் பக்கம் கேட்டிருக்கிறார்கள்.

பிறகு இரண்டு, மூன்று என்று ஏறியது. ஏழில் வந்து நின்றுவிட்டது. என்ன செய்தும் எட்டாவது வரவில்லை. ஹோட்டலுக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையும் ஏழுதான். ஏஜென்ட் இரண்டு தரம் போனில் கோல் எடுத்துவிட்டான்.

அன்றைக்குப் பகலில் தோட்டத் தலைவர் நல்லமுத்து எங்கள் வாசலுக்கு வந்தார். தொழிற்சங்கத்துத் தலைவர் ஒரு வீட்டுக்குச் சும்மா வரமாட்டார். பின்னால் ராசம்மாக்கா, அவளுக்குப் பின்னால் பாதி லயம்.

"சுமன், ஒம் மேல பிராது வந்திருக்கு."

"என்ன பிராது தலைவரே?"

"தெரியாத மாதிரி கேக்குறான் பாருங்க," என்றாள் ராசம்மாக்கா. "நித்தமும் விடியக் காலையில அடி. செவுரு அதிருது, என் தட்டெல்லாம் உருளுது. அந்தப் புள்ள போதுங்க போதுங்கன்னு கெஞ்சுது. இவன் எண்ணி எண்ணி அடிக்கிறான் தலைவரே. தண்டால பத்து, தண்டால பத்துன்னு இந்தக் காதால கேட்டேன். எந்தத் தண்டு, எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு கேளுங்க."

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. வாயைத் திறந்தேன். தனுஷிகா வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அந்தத் தலையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். நான் பிறந்து வளர்ந்ததில் இருந்து ஒரு கூட்டத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது அன்றைக்கு மட்டும்தான்.

சுலோ உள்ளேயிருந்து வந்தாள்.

"அவரு என்னைய அடிக்கலக்கா."

"அடி வாங்குன எவ புருசன விட்டுக் குடுத்திருக்கா?"

"தண்டாலுன்னா தடி இல்லக்கா. எக்சசைஸ். ஹோட்டல் வேலைக்குக் கேட்டாங்க."

"இது நல்ல கதையா இருக்கே," என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். தலைவரும் நம்பவில்லை.

சுலோ என்னைப் பார்த்தாள். நான் ஏன் பேசாமல் நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். ஊர் முழுக்க ஏசியும் நான் காப்பாற்றிய ரகசியத்தை அவளே போட்டு உடைத்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, வாசல் சிமெந்தில் இறங்கிக் கையை ஊன்றினாள்.

"ராசம்மாக்கா, இங்க வந்து ஒக்காருங்க. என் நெஞ்சுக்குக் கீழ கைய மடக்கி வைங்க. நெஞ்சு பட்டாத்தான் கணக்கு. ஏங்க, நீங்க எண்ணுங்க."

எண்ணினேன். ஒன்று, இரண்டு என்று இறங்கி ஏறியபோதே கூட்டம் வாயைப் பிளந்தது. ஐந்தில் தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஆறு. ஏழு.

எட்டுக்கு இறங்கியவள் எழும்பவில்லை. கைகள் வெடவெடவென்று ஆடின. இங்கே முடியாவிட்டால் நாளைக்கும் முடியாது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். என் பிள்ளையும் ஒரு நாள் வாசலில் நின்று அம்மாவை அத்தை என்று கூப்பிடும்.

சுலோவின் தலை தொங்கியது. நெற்றியில் கூடைக் கயிறு இழுக்கும்போது குனிவாளே, அப்படி. ராசம்மாக்கா அவள் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"ஏன்டி தலையத் தொங்கப் போடுற? முதுகுல கூடையா இருக்கு? அதெல்லாம் எறக்கி வச்சாச்சு. நிமிந்து வா."

தலை நிமிர்ந்தது. உடம்பு பலகை மாதிரி நேரானது. எழும்பினாள்.

"எட்டு" என்று கத்தியது நானில்லை, லயம். ஒன்பதுக்குத் தலைவரும் சேர்ந்துகொண்டார். பத்தாவதில் பாதி வழியில் நின்று நடுங்கியபோது, ராசம்மாக்கா, "என் கையிலயே படுத்துறாத, எனக்கு நாளைக்கு மலைக்குப் போகணும்" என்றாள். சுலோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எழும்பினாள்.

பத்து.

லயமே கைதட்டியது. ராசம்மாக்கா அவளைத் தூக்கி நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நிமிர்ந்து நின்றேன்.

"ஒனக்கு மெதுவா எண்ணத் தெரியாதா?" என்றாள்.

மறுநாள் ஹோட்டல் கேட்டுக்கு வெளியே நின்றேன். சுலோ திரும்பி வரும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்து முடிந்ததும் நிறுத்தாமல் பதினொன்றாவதும் எடுத்தாளாம். மேடம் தங்கச்சி முறை வைத்து, "ஹரி நங்கி, போதும்" என்று கையைப் பிடித்து எழுப்பினாராம். நடு ரோட்டில் நின்று நான் அழுதேன், வெட்கமில்லாமல். அங்கிருந்தே ஏஜென்டுக்குக் கோல் எடுத்து, பெயரை வெட்டிவிடச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

முதல் நாள் வேலை முடிந்து அவள் வரும் பஸ்ஸுக்காக நானும் தனுஷிகாவும் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். விடியுமுன் அவள் கிளம்பிப் போனபோது பிள்ளை தூக்கத்தில் இருந்தது, அதனால் யூனிபோமைப் பார்க்கவில்லை. கீழே ரோட்டில் பஸ் நின்றது. கறுப்புக் காற்சட்டை, சப்பாத்து, தொப்பி. எனக்கே ஒரு கணம் ஆள் அடையாளம் மட்டுப்படவில்லை.

"பாப்பா, யாரோ பொலிஸ் அத்த வாறாங்க பாரு" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. பிள்ளை எழுந்து நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அம்மாப்பா அது. ஒங்களுக்குக் கண்ணு தெரியலயா?"

சொல்லிவிட்டு விழுந்தடித்து ஓடினாள். சுலோ தொப்பியைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பிள்ளையை அலாக்காகத் தூக்கி இடுப்பில் வைத்தபடி படியேறி வந்தாள்.