உள்ளே ஒருவன் தட்டுகிறான்

கடற்படையின் முதல் பெண் டைவர் என்று பேப்பரில் போட்டோ வந்தாலும், பிரிவில் அவளுக்குப் பெயர் என்னவோ ஒத்தக்காதுதான். பயிற்சியில் இடது செவிப்பறை கிழிந்ததும், "போதும்மா, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகுட்டியப் பாரு" என்றார்கள். அவளா போவாள்? மற்ற டைவர்களின் ரப்பர் குழாய் கழுவிக்கொண்டே வருடக்கணக்கில் மனு மேல் மனு போட்டாள். தொல்லை தாங்காமல் மறுபடி தண்ணீரில் இறக்கிப் பார்த்தார்கள். தேறிவிட்டாள். அதற்கும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குத் துறைமுக வாயிலில் ஒரு இழுவைப் படகு கவிழ்ந்து, தலைகீழாக அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் நீந்தி வந்துவிட்டார்கள், இன்ஜின் அறையில் இருந்த பையனைத் தவிர. உடலை எடுத்து வரச் சொல்லி அவளை இறக்கினார்கள். உயிரோடு இருப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கலங்கல் தண்ணீரில் தன் கையே தெரியவில்லை. தடவிப் பார்த்ததில் இன்ஜின் அறைக் கதவு நெளிந்து சிக்கிக் கிடந்தது. ஹெல்மெட்டைப் படகின் இரும்பில் சாய்த்தாள். டக், டக் என்று கேட்டது.

பையன்தான் தட்டுகிறானோ? ஆனால் ஹெல்மெட்டின் காற்று வால்வும் இப்படித்தான் டக் டக் என்னும். புதிதாக இறங்குகிறவர்கள் அதைக் கேட்டுப் பேய் பேய் என்று அலறுவது வழக்கம். அதனால் அவள் காற்றையே அடைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நல்ல காதை இரும்புப் பக்கம் திருப்பினாள். வால்வு ஓய்ந்தது. தட்டல் ஓயவில்லை.

காற்றைத் திறந்துவிட்டு ஹெல்மெட் போனில் கத்தினாள். "சார், பையன் உயிரோட இருக்கான்! உள்ள கொஞ்சம் காத்து தங்கியிருக்கு போல. தட்டுறான் சார்! வெட்டுற மெஷின அனுப்புங்க!"

மேலே ஆபீசர் சிரித்ததுகூடக் கேட்டது. "அது வால்வும்மா. இருக்கிறது ஒரு காது, அதுவுமா உனக்குப் பொய் சொல்லுது?"

"காத்த அடைச்சுட்டுத்தான் சார் கேட்டேன்."

"மேல வா. வேற ஆள இறக்கிப் பாக்கறேன்."

"அதுவரைக்கும் அவன் தாங்கணுமே சார்! நான் வரல."

அடப்பாவி மனுஷா, மெஷினை அனுப்பித் தொலைத்தால்தான் என்ன? அவள் இடுப்புக் கயிற்றை மேலிருந்து சுண்டி இழுத்தார்கள். அவள் கதவுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுத்தியலால் தட்டினாள். ஒன்று தட்டினால் ஒன்று வந்தது. மூன்று தட்டினால் மூன்று வந்தது. அதையும் சொன்னாள். எதிரொலி என்றார் ஆபீசர்.

இன்னொரு டைவர் உடுப்பெல்லாம் மாட்டிக்கொண்டு ஆடி அசைந்து வந்து சேர்ந்தான். அவனும் காற்றை அடைத்துக் கேட்டான். "ஆமா சார், தட்டுறான்" என்றான். அவ்வளவுதான், மெஷின் வந்துவிட்டது! இரண்டு காது உள்ளவன் சொன்னால் வேதவாக்கு.

அவன் இரும்பை வெட்ட வெட்ட, அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளிருந்து வந்த பதில் தேய்ந்துகொண்டே போனது. கதவு பாதி வெட்டுப்பட்டபோது தட்டல் நின்றுவிட்டது. "தட்டுடா தம்பி, தட்டுடா" என்று ஹெல்மெட்டுக்குள் அழுதாள். அவனுக்கு எங்கே கேட்கும்?

பையனை அவள்தான் தூக்கி வந்தாள். உடம்பில் சூடு இன்னும் ஆறவில்லை என்றார் டாக்டர்.

பையனின் அப்பா காலையிலிருந்து கரையிலேயே நின்றிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவளிடம் வந்தார். "படகு கவிழ்ந்ததுமே உயிர் போயிருக்கும், வலியே தெரிஞ்சிருக்காதுன்னு ஆபீசர் சொல்றாரும்மா. நீதானே எடுத்துட்டு வந்தே? அப்படித்தானா?"

அவருக்குப் பின்னால் நின்ற ஆபீசர், ஆமாம் என்று சொல் என்பதுபோல அவளுக்குத் தலையசைத்தார். சொன்னால் பெரியவர் இன்றைக்காவது கண்ணை மூடுவார். உத்தரவை மீறியதற்கு அவள் வேலையும் போகாது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அத்தனை நேரம் தட்டியவனை எப்படி இல்லை என்பது?

"இல்லப்பா. ரொம்ப நேரம் உயிரோட இருந்தான். தட்டிட்டே இருந்தான். நானும் வெளிய இருந்து தட்டிட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் அவன் தனியா இல்ல."

பெரியவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் ஏம்மா சீக்கிரம் எடுக்கல?"

"நான் சொன்னேன்ப்பா. நம்பல."

"யாரு நம்பல?"

அவள் கையை நீட்டி ஆபீசரைக் காட்டினாள்.